கூட்டு ஆவணங்களுக்குப் பள்ளி நிர்வாகத்தைச் சம்மதிக்க வைப்பது எப்படி?

கேள்வி (ஜூன் 8): ஒன்பதாம் வகுப்பு எடுக்கிறேன். மாணவர்கள் நான்கு நான்கு பேராகச் சேர்ந்து, ஒரே இணைய ஆவணத்தில் செயல்திட்ட அறிக்கை எழுத அனுமதி கேட்டேன். கூட்டுக் கற்றலின் நன்மைகளை விளக்கி நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். "இப்போதைக்கு வேண்டாம்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. இனி என்ன செய்வது? அனுமதி வாங்கிய யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பதில் (ஜூன் 9)

நான்கு பக்கத்தில் முதல் பக்கத்தைத்தான் படித்திருப்பார்கள், அதிலும் பாதி. நன்மை பற்றி அவர்களுக்குச் சந்தேகம் கிடையாது. பிள்ளைகள் சேர்ந்து படித்தால் நல்லது என்பதை எந்தத் தலைமையாசிரியரும் மறுக்க மாட்டார். அவர் மனதில் ஓடுவது வேறு: நாளைக்கு ஒரு பெற்றோர் அறைக்குள் வந்து, போனை நீட்டி "இது என்ன?" என்று கேட்டால் பதில் சொல்லப்போவது யார்? உங்கள் நான்கு பக்கத்தில் அதற்கு ஒரு வரியாவது இருந்ததா?

நான் கொடுத்தது அரைப் பக்கம். எந்த வகுப்பு, எந்தப் பாடம், எந்தக் கருவி, என்றைக்குத் தொடங்கி என்றைக்கு முடியும், யார் யார் பார்க்கலாம், ஏடாகூடமாக ஏதாவது நடந்தால் அன்றைக்கே யார் என்ன செய்வார்கள், எல்லாம் முடிந்தபின் கோப்புகள் என்னவாகும். கீழே என் பெயர், கையெழுத்து. முடிவுத் தேதியைப் பார்த்ததும் எங்கள் தலைமையாசிரியர் முகம் கொஞ்சம் இளகியது. அனுமதி என்றால் காலத்துக்கும் அனுமதி என்றுதான் அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். கொடுத்ததைத் திரும்ப வாங்கப் போராட வேண்டியிருக்கும் என்ற பயத்திலேயே கொடுப்பதில்லை.

"கையெழுத்து யாருடையது?" என்று மட்டும் கேட்டார். என்னுடையது என்றேன். அந்த இடத்தில் பேச்சு திரும்பியது.

ஜூன் 10

ஒரு சின்னச் சேர்க்கை. "21ஆம் நூற்றாண்டுத் திறன்கள்" என்ற சொற்றொடரை அந்தத் தாளில் எழுதாதீர்கள். ஒவ்வொரு மென்பொருள் விற்பனையாளரும் அதைச் சொல்லிக்கொண்டுதான் அவர் அறைக்குள் வருகிறார். உங்களையும் அந்த வரிசையில் உட்கார வைத்துவிடுவார்.

தேர்வு, மதிப்பெண் என்று பேசும் நிர்வாகமாக இருந்தால், சொல்வதற்கு உருப்படியான ஒன்று இருக்கிறது. பல நாட்டு மாணவர்களை ஒப்பிடும் பீசா (PISA) தேர்வை நடத்தும் ஓஈசிடி (OECD) என்ற பன்னாட்டு அமைப்பு, 2015 சுற்றில் 15 வயது மாணவர்களின் கூட்டாகச் சிக்கல் தீர்க்கும் திறனைத் தனியாக அளந்து, 2017இல் முடிவுகளை வெளியிட்டது. கலந்துகொண்ட எல்லா நாடுகளிலும் மாணவிகள்தான் மாணவர்களைவிட மேலே இருந்தார்கள். அதே மாணவர்கள் தனியாளாகச் சிக்கல் தீர்த்த 2012 தேர்வில் சராசரியில் பையன்கள் முன்னால் இருந்தார்கள். சேர்ந்து வேலை செய்வது தனித்த ஒரு திறன், தனியாக அளக்கவும் முடியும் என்பதற்கு இது போதும்.

(அதே மாணவர்கள் என்று எழுதியிருப்பதை அதே வயது மாணவர்கள் என்று படித்துக்கொள்ளுங்கள். மூன்று வருடம் கழித்து வந்தவர்கள் வேறு பிள்ளைகள்.)

ஜூன் 12

"பிள்ளைகள் ஏற்கெனவே வாட்ஸ்ஆப் குழுவில் எல்லாவற்றையும் பகிர்ந்துகொள்கிறார்கள், இதைச் சொன்னால் மறுக்க முடியாது" என்று இங்கே இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. சொல்லிப் பாருங்கள், "அது பள்ளிக்கு வெளியே நடப்பது, அதற்கு நான் பொறுப்பில்லை" என்று பதில் வரும். அவர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் அது சரியான பதிலும்கூட. வெளியே நடக்கும் ஒன்றை உள்ளே கொண்டுவந்து அவர் தலையில் வைக்கப் பார்க்கிறீர்கள் என்றுதான் அவருக்குக் கேட்கும்.

அதே விஷயத்தைப் புகாராக இல்லாமல் வேலையாகச் சொன்னால் வேறு மாதிரி இருக்கும். "குழு வேலை கொடுத்தால் மாணவர்கள் எங்கே பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரிவதில்லை. தகராறு வந்தால் ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாடம் சம்பந்தப்பட்ட பகுதியை மட்டுமாவது நான் பார்க்கக்கூடிய இடத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்." இதில் புதிதாக எந்த ஆபத்தும் சேரவில்லை. இருக்கிற ஒன்றில் கொஞ்சம் குறைகிறது.

ஜூன் 13

"13 வயதுக்குக் கீழே இருந்தால் சட்டப்படியே முடியாது" என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். அப்படி இல்லை. அந்த 13 என்ற எண் அமெரிக்காவில் 1998இல் வந்த காப்பா சட்டத்திலிருந்து பரவியது. 13 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் விவரங்களை நிறுவனங்கள் சேகரிக்க வேண்டுமானால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்பதுதான் அதன் சாரம். ஒப்புதல் வாங்கும் தொல்லைக்குப் பதிலாக, "13 வயது ஆகாதவர்கள் வரக்கூடாது" என்று பல நிறுவனங்கள் தங்கள் விதிமுறையில் எழுதிக்கொண்டன. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் அந்த வயதை 16 என்று வைத்து, நாடுகள் விரும்பினால் 13 வரை குறைக்கலாம் என்கிறது. இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் குழந்தை என்றாலே 18 வயதுக்குட்பட்டவர்.

நடைமுறைக்கு வேண்டியது இவ்வளவுதான்: மாணவன் தானாகத் திறக்கும் கணக்கு வேறு, பள்ளி திறந்து கொடுக்கும் கணக்கு வேறு. இரண்டாவதில் கணக்கின் உரிமையும் பள்ளியிடம், பொறுப்பும் பள்ளியிடம், பெற்றோரிடம் ஒப்புதல் வாங்கும் வேலையும் பள்ளியிடம். ஆகவே ஒப்புதல் படிவத்தை நீங்களே எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். "படிவம் தயாரிக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு அவர்கள் தயாரிக்கப் போனால் அடுத்த கல்வியாண்டு வந்துவிடும்.

ஜூன் 17

இன்று நேரம் இருக்கிறது. எங்கள் பள்ளியில் காரியத்தைச் சாதித்தது எது என்று விளக்கமாக எழுதுகிறேன். விளக்கக்காட்சி இல்லை. திருத்த வரலாறு.

தலைமையாசிரியர் அறையில் என் மடிக்கணினியில் ஒரு ஆவணத்தைத் திறந்தேன். ஆசிரியர்கள் நான்கு பேர் சேர்ந்து எழுதிய ஆண்டுவிழாத் திட்டம்தான் (மாணவர் ஆவணத்துக்கு அனுமதி இல்லையே!). மெனுவில் திருத்த வரலாற்றை அழுத்தியதும் வலது ஓரத்தில் தேதி, நேரம், பெயர் எல்லாம் வரிசையாக வந்தன. ஒவ்வொருவர் எழுதியதும் ஒவ்வொரு நிறத்தில் இருந்தது. ஒரு தேதியை அழுத்தினேன். அன்று அழிக்கப்பட்ட பத்தி நடுவில் கோடு போட்டபடி தெரிந்தது. எழுதியவர் பெயர், அழித்தவர் பெயர் இரண்டும் இருந்தன. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "அழித்தாலும் இருக்குமா?" என்றார். இருக்கும் என்றேன். "யாரு அழிச்சாங்கன்னும் வருமா?" அதுவும் வரும். பிறகு அவரே மவுஸை வாங்கி ஒவ்வொரு தேதியாக அழுத்திக்கொண்டு போனார். உடற்கல்வி ஆசிரியர் பெயர் எங்கேயுமே வரவில்லை என்பதைக் கண்டுபிடித்துச் சிரித்தார்.

அவர் மனதில் இணையம் என்றால் யார் எழுதினார்கள் என்று தெரியாத சுவர். காகிதத்தில் எழுதும் குழு அறிக்கைதான் உண்மையில் அப்படிப்பட்டது. நான்கு பெயர் அட்டையில் இருக்கும், எழுதியது ஒரே கையெழுத்தாக இருக்கும்.

இதற்குப் பின்னால் பழைய ஆராய்ச்சியும் உண்டு. ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்து 1913இல் வெளியிட்டார். ஆள் கூடக்கூட ஒவ்வொருவரும் இழுக்கும் இழுப்பு குறைந்துகொண்டே வந்தது. 1979இல் லதானே என்ற உளவியலாளரின் குழுவினர் கைதட்டுவதையும் கத்துவதையும் வைத்து அதையே காட்டினார்கள். 1981இல் அதே ஆய்வாளர்கள் இன்னொன்றைச் சேர்த்தார்கள்: தன் பங்கு தனியாகத் தெரியும் என்று ஆளுக்குத் தெரிந்தால் அந்தச் சோம்பல் காணாமல் போகிறது. குழு வேலை என்றாலே ஒருவன் செய்வான், மூவர் வேடிக்கை பார்ப்பார்கள் என்று சொல்லும் மூத்த ஆசிரியர்களிடம் இதை எடுத்துச் சொல்லலாம். அவர்கள் சொல்வது உண்மைதான். அதற்கான மருந்தும் அதே கருவிக்குள் இருக்கிறது.

கவனம்: பல கருவிகளில் திருத்தும் உரிமை உள்ளவர்களுக்குத்தான் வரலாறு தெரியும். பார்க்கும் உரிமை மட்டும் இருந்தால் தெரியாது. அறைக்குள் போவதற்கு முன் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 18

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், "அப்படியானால் நிறத்தை எண்ணி மதிப்பெண் போடலாமா?" என்று கேட்டிருக்கிறார். வேண்டாம்!

வரலாறு சொல்வது யார் தட்டச்சு செய்தார்கள் என்பதை. யார் யோசித்தார்கள் என்பது அதில் வராது. என் வகுப்பில் ஒரு குழு. இரண்டு பேர் ஒரே கணினியில் உட்கார்ந்து, ஒருத்தி சொல்லச்சொல்ல இன்னொருத்தி அடித்தாள். வரலாற்றில் ஒரே நிறம். சொன்னவள் பெயர் இல்லவே இல்லை, அறிக்கையின் நல்ல பகுதிகள் எல்லாம் அவளுடையவை. வேறொரு பையன் வீட்டில் நோட்டில் எழுதி வைத்திருந்ததை வந்து மொத்தமாக ஒட்டினான். பார்த்தால் எங்கிருந்தோ நகலெடுத்த மாதிரியே இருந்தது. நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன், அடித்தல் திருத்தலோடு அத்தனையும் அதில் இருந்தது.

இன்னொன்றும் உறுத்துகிறது. எல்லாம் பதிவாகும் என்று தெரிந்ததும் சில பிள்ளைகள் எழுதுவதற்கே தயங்குகிறார்கள். தனியாக வேறெங்கோ எழுதி, சரிபார்த்து, பிறகு கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். முதல் வரைவு அசிங்கமாக இருக்கலாம், அதைப் பார்த்து நான் மதிப்பிட மாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. நிர்வாகத்துக்குத் தைரியம் கொடுக்கும் அதே வசதி மாணவர்களின் தைரியத்தைக் குறைக்கிறது. இதற்கு என்னிடம் முழுத் தீர்வு இல்லை. தகராறு வந்தால் தவிர வரலாற்றைத் திறக்க மாட்டேன் என்று வகுப்பில் சொல்லிவைத்திருக்கிறேன். நம்புகிறார்களா என்பது வேறு.

ஜூன் 24

யாரும் பேசாத ஒருவரைப் பற்றி: கணினி அறைப் பொறுப்பாளர்.

நிர்வாகம் "பார்க்கலாம்" என்று சொன்னால், அடுத்து அவரைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். அவர் உதட்டைப் பிதுக்கினால் முடிந்தது கதை. அவர் ஏன் பிதுக்குவார்? வகுப்பில் 40 பேர் இருந்தால் வாரத்தில் பத்துப் பேர் பாஸ்வேர்டை மறப்பார்கள், அத்தனை பேரும் அவரிடம்தான் வருவார்கள். இதற்கெல்லாம் அவருக்குத் தனிநேரம் யாரும் ஒதுக்கப்போவதில்லை. ஆகவே தலைமையாசிரியரிடம் போவதற்கு முன் இவரிடம் போங்கள். என் வகுப்பு மாணவர்களுக்குப் பாஸ்வேர்டு மாற்றிக் கொடுக்கும் உரிமையை மட்டும் எனக்குக் கொடுத்துவிடுங்கள், அந்தத் தலைவலி என்னுடையது என்றேன். அவர் எதிர்ப்பில் பாதி அங்கேயே போயிற்று.

அமைப்பில் என்னென்ன மூட வேண்டும் என்பதும் அவருக்குத்தான் தெரியும். பள்ளிக் கணக்கு அல்லாதவர்களோடு பகிர முடியாதபடி செய்வது முதல் வேலை. லிங்க் கிடைத்தவர்கள் எல்லாம் திறக்கலாம் என்ற வசதியையும் நிறுத்திவிட வேண்டும். மின்னஞ்சல் வெளியே போகவோ வெளியிலிருந்து வரவோ கூடாது என்று வைக்கலாம். சில கருவிகளில் ஆவணத்துக்குள்ளேயே ஒரு அரட்டைப் பெட்டி இருக்கும், மூடியதும் பேசியது மறைந்துவிடும். நான் திருத்த வரலாற்றைக் காட்டி ஊட்டிய நம்பிக்கைக்கெல்லாம் அது ஒரு ஓட்டை. மூட முடிந்தால் மூடுங்கள், முடியாவிட்டால் வேறு கருவி பாருங்கள்.

மைக்ரோசாஃப்ட் பக்கம் இருக்கும் பள்ளிகள் ஒன்நோட் என்ற குறிப்பேட்டு மென்பொருளின் வகுப்பு நோட்டைப் பார்க்கலாம். ஆசிரியர் மட்டும் எழுதும் பகுதி, எல்லோரும் சேர்ந்து எழுதும் பகுதி, ஒவ்வொரு மாணவருக்கும் தனிப் பகுதி என்று முன்பே பிரித்துத்தான் வருகிறது. கூட்டுப் பகுதியை வேண்டாதபோது பூட்டிவைக்கவும் முடியும். "பூட்டு" என்ற சொல் காதில் விழுந்தால் நிர்வாகத்துக்கு ஒரு தனி நிம்மதி.

ஜூன் 25

"40 பேரையும் ஒரே ஆவணத்தில் விடலாமா?" கூகுள் டாக்ஸில் ஒரே நேரத்தில் 100 பேர் வரை திருத்த இடம் உண்டு. விட்டுப் பாருங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் அந்தப் பக்கம் முழுக்க "ஹாய்" இருக்கும்.

ஜூலை 2

இதுவரை நிர்வாகத்தைத் தாண்டி வரவேண்டிய தடை மாதிரி பேசிவிட்டேன். அவர்கள் பயப்படும் ஒரு விஷயத்தில் நியாயம் அவர்கள் பக்கம் இருக்கிறது: மாணவர் விவரங்கள் எங்கே போகின்றன?

டென்மார்க்கில் ஹெல்சிங்கோர் நகராட்சிப் பள்ளிகள் கூகுளின் கல்விக் கணக்குகளையும் குரோம்புக் மடிக்கணினிகளையும் பயன்படுத்தி வந்தன. ஒரு பெற்றோர் புகார் கொடுத்தார். விஷயம் வளர்ந்து, 2022 ஜூலையில் அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பயன்பாட்டையே தடைசெய்தது. ஆபத்து மதிப்பீட்டை நகராட்சி ஒழுங்காகச் செய்யவில்லை என்பது முக்கியக் குற்றச்சாட்டு. சில வாரங்களில் தடையை நிறுத்திவைத்தார்கள் என்றாலும், மாட்டிக்கொண்டது மென்பொருள் நிறுவனம் இல்லை, பள்ளிகளை நடத்தும் நகராட்சி. அதே ஆண்டு மே மாதம் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு, கொரோனா காலத்தில் அரசுகள் பரிந்துரைத்த 160க்கும் மேற்பட்ட கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்து, அவற்றில் 89 சதவீதம் குழந்தைகளின் உரிமைக்கு ஆபத்தான முறையில் தரவுகளைக் கையாண்டதாக எழுதியது.

இதை மறைத்துவிட்டு அனுமதி வாங்கப் பார்க்காதீர்கள். நீங்களே எடுத்துச் சொன்னால் உங்கள் மீது மதிப்பு கூடும். கணக்கில் முழுப்பெயருக்குப் பதில் வரிசை எண் போதும். பிறந்த தேதி, புகைப்படம், போன் எண் எதுவும் தேவையில்லை.

வெளி நிறுவனமே வேண்டாம் என்றால் வழி உண்டு. ஈதர்பேட் என்று ஒரு திறமூல (நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) மென்பொருள், பள்ளியின் சொந்தச் சர்வரிலேயே ஓடும். ஒவ்வொருவர் எழுத்துக்கும் ஒரு நிறம் விழும். ஒரு பட்டையை நகர்த்தினால் ஆவணம் முதல் எழுத்திலிருந்து வளர்ந்து வருவதைப் படம் மாதிரி ஓட்டிப் பார்க்கலாம். முதலில் 2008இல் வந்தது. அடுத்த ஆண்டு கூகுள் வாங்கியது, நிரலைத் திறந்துவிட்டது. மூடுல் என்ற இணையவழிப் பாட மென்பொருளை வைத்திருக்கும் பள்ளிகளுக்கு அதிலேயே விக்கி (சேர்ந்து எழுதும் பக்கம்) இருக்கிறது, குழுக்களைத் தனித்தனியாகப் பிரித்தும் வைக்கலாம். புதிதாக எதற்கும் அனுமதி கேட்க வேண்டாம், ஏற்கெனவே இருக்கும் ஒன்றில் ஒரு பொத்தானை அழுத்தச் சொல்கிறீர்கள், அவ்வளவுதான்.

ஜூலை 3

சொந்தச் சர்வர் பற்றி நேற்று ரொம்ப உற்சாகமாக எழுதிவிட்டேன். அதைப் பராமரிப்பவர் வேலையை விட்டுப் போனால் என்ன ஆகும் என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பேக்கப் எடுக்காத சொந்தச் சர்வரைவிட, ஒழுங்காக அமைத்த வெளிச் சேவை மேல். ஆளில்லாத பள்ளிக்கு நான் மூடுலைக்கூடச் சொல்ல மாட்டேன்.

ஜூலை 6

"வீட்டில் இணையம் இல்லாத பிள்ளைகள் என்ன செய்வார்கள்?" என்று நிர்வாகம் கேட்டால், அதைத் தட்டிக்கழிக்கும் சாக்கு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உண்மையான கேள்வி அது. என் பதில்: எல்லா வேலையும் பள்ளி நேரத்தில், கணினி அறையில். வீட்டில் செய்ய எதுவும் இல்லை. அதோடு பெற்றோர் ஒப்புதல் தராத மாணவருக்கு அதே வேலை காகிதத்தில், அதே மதிப்பெண்ணுக்கு. இந்த இரண்டையும் அரைப் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள். பக்கம் கொஞ்சம் நீளும், பரவாயில்லை.

ஜூலை 15

ஏதாவது நடக்கத்தான் செய்யும், அதைச் சொல்லாமல் விட்டால் இந்த இழை விளம்பரம் ஆகிவிடும்.

எங்கள் வகுப்பில் ஒரு பையன் இன்னொருவன் எழுதிய பத்திக்குப் பக்கத்தில் அவன் உருவத்தைக் கேலி செய்து ஒரு கமென்ட் போட்டான். சில நிமிடத்தில் அவனே அழித்தும் விட்டான். ஆனால் கமென்ட் வந்ததுமே ஆவணத்தில் இருந்த எல்லோருக்கும் மின்னஞ்சல் போயிருந்தது, எனக்கும். அன்று மாலையே தலைமையாசிரியரிடம் அச்செடுத்துக் கொண்டுபோனேன், பெற்றோர் வருவதற்கு முன்னால். அரைப் பக்கத்தில் எழுதியிருந்தபடி அந்த மாணவனுக்குத் திருத்தும் உரிமையை எடுத்துப் பார்க்கும் உரிமை மட்டும் வைத்தோம். கேலிக்கு ஆளானவனிடம் தனியாகப் பேசினேன். மறுநாள் இரண்டு வீட்டுக்கும் போன் செய்தோம்.

தலைமையாசிரியர் சொன்னது எனக்கு ஆச்சரியம்: "வகுப்பறையில சொல்லியிருந்தா, சொன்னேன், சொல்லலைன்னு ஒரு வாரம் போயிருக்கும்." நிறுத்திவிடுவார் என்று நினைத்துத்தான் அந்த அறைக்குள் போனேன். நிறுத்தவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது ஆபத்தே இல்லாத கருவி இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. செய்தி தனக்கு மற்றவர்களுக்கு முன்னால் வர வேண்டும், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 4

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து எழுதியிருக்கிறார். ஒரே ஒரு பிரிவுக்கு, காலாண்டுத் தேர்வு வரை, அனுமதி கிடைத்திருக்கிறது. இரண்டு நிபந்தனை. ஒவ்வொரு ஆவணத்திலும் ஆசிரியர் இருக்க வேண்டும். மாணவர்கள் கமென்ட் போடக்கூடாது.

முதலாவதைப் பற்றிக் கவலையே வேண்டாம், எப்படியும் இருக்கத்தான் போகிறீர்கள். ஆவணங்களை நீங்களே உருவாக்கி மாணவர்களுக்குப் பகிருங்கள், மாணவர்கள் உருவாக்கி உங்களைச் சேர்க்க வேண்டாம். உரிமை உங்களிடம் இருந்தால் யாரும் உங்களை நீக்க முடியாது.

இரண்டாவதுதான் இடிக்கிறது. கமென்ட் இல்லாமல் கூட்டு எழுத்து பாதிதான் நடக்கும். பிடிக்காத வரியைப் பேசாமல் அழித்துவிடுவார்கள், சண்டை அங்கேதான் கிளம்பும். ஆனாலும் இப்போது வாதாடாதீர்கள், வந்ததை வாங்கிக்கொள்ளுங்கள். ஆவணத்தின் அடியில் "குழுவுக்கு" என்று ஒரு தலைப்புப் போட்டு, சொல்ல வேண்டியதைப் பெயரோடு அங்கே எழுதச் சொல்லுங்கள். நிபந்தனையை மீறியதாகாது. தலைமையாசிரியரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பின்னால் தெரிந்தால் தந்திரமாகப் படும். தேர்வு முடிந்ததும் அந்தப் பகுதிகளை அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டி, அடுத்த பருவத்துக்குக் கமென்ட் கேளுங்கள். எங்கள் பள்ளியில் இரண்டாவது பிரிவு கிடைத்தது அப்படித்தான். கணினி அறையில் பத்துக் கணினி ஓடவில்லை என்பதால் மூன்றாவது பிரிவு இன்னும் கிடைக்கவில்லை.